இறப்புக்குப் பின் பிரிக்கவும்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். கைப்பேசித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு தண்ணீர்க் குழாய். அதற்குக் கீழே ஒரு கை. படம் முழுதாக இறங்கிய பிறகுதான் ஆள் தெரிந்தது. அரசுப் பள்ளி ஒன்றின் கழிவறை வாசலில், வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் தொழிலதிபர் நஞ்சப்பன். படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் அதற்குள் பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அந்தப் படத்தை எடுக்க ஏற்பாடு செய்தவன் நான். மூலப் படத்தில் வலது ஓரம் தலைமை ஆசிரியை நிற்பார். யாரோ அவரை வெட்டிவிட்டிருந்தார்கள்.

ஆறு இருபதுக்குத் தமிழ்ச்செல்வி அழைத்தார். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த நாளிதழில், கோவைப் பக்கங்களுக்கு இப்போது அவர்தான் பொறுப்பாளர்.

"சார், நஞ்சப்பன் ஐயா போயிட்டாருங்க."

"இப்பத்தான் பார்த்தேன்."

"அவரோட ஃபைலை எடுத்தேன். உள்ள ஒரு கவர் ஒட்டியிருக்கு. 'இறப்புக்குப் பின் பிரிக்கவும்'னு உங்க கையெழுத்து. பிரிக்கட்டுங்களா?"

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் ஒட்டிய உறை அது. உள்ளே இருப்பது எனக்கு வரிக்கு வரி தெரியும்.

"பிரிங்க. படிச்சுட்டுக் கூப்பிடுங்க."

நான்கு நிமிடத்தில் திரும்ப அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "சார், இதைப் போடணும்னா ரெண்டு பேர் உறுதி பண்ணணுமே. ஒருத்தர் வீட்டாளு, ஒருத்தர் வெளியாளு. உங்க விதிதான்."

அது என் விதியல்ல, எனக்கு முன்பிருந்த சிவராமனின் விதி. எழுந்து சட்டையைத் தேடினேன். அன்று நான்கு தடவை வீட்டுக்குள்ளேயே நடந்து, போட வேண்டிய சட்டையை மூன்று தடவை மாற்றினேன் என்று பிற்பாடு என் மனைவி சொன்னார்.

இளையவர்கள் சிலர், "அந்தக் காலத்துல எப்படி சார் செய்தி எழுதினீங்க?" என்று கேட்பார்கள். பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். அடுத்த மூன்று ஆண்டுகள் உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் விலையும் அமராவதி அணையின் நீர்மட்டமும் அனுப்பினேன். அதன்பின் கோவைக்கு அழைத்துக்கொண்டார்கள். கற்றுக்கொண்டதெல்லாம் சிவராமனின் மேசைக்கு எதிரே நின்றுதான்.

சிவராமன் செய்தி ஆசிரியர். தேநீர் கொண்டுவருபவர் உட்பட எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். நாம் கொடுத்த தாளை வாங்கியதும் பேனா மூடியைக் கழற்றி மேசை விளிம்பில் செங்குத்தாக நிறுத்துவார். அது நிற்கும் வரை படிக்கத் தொடங்கமாட்டார். மின்விசிறிக் காற்றில் மூடி விழுந்தால் மறுபடி நிறுத்துவார். நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவர் 'சரி' என்றால் பார்க்கலாம் என்று பொருள். 'பார்ப்போம்' என்றால் முடியாது என்று பொருள். 'முடியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

காலமானார் செய்திகளில் அவருக்கு இருந்த கண்டிப்புக்குக் காரணம் உண்டு. நான் சேர்வதற்கு முன்பு, ஒரு மில் மேஸ்திரி இறந்துவிட்டதாகத் தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பிப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த மேஸ்திரியே பத்திரிகையோடு மாடியேறி வந்தாராம். "ஏனுங், எனக்குக் கருமாதி என்னைக்குன்னு போடாம உட்டுட்டீங்களே. சொந்தபந்தமெல்லாம் கேக்குதுங்க." பங்காளிச் சண்டையில் எவனோ செய்த வேலை. அன்றிலிருந்து இரண்டு பேர் உறுதிப்படுத்தாமல் எங்கள் பத்திரிகையில் யாரும் இறந்ததில்லை.

சிவராமனுக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அவர் கையால் எழுதியது. இறந்தவரின் வயதை இருமுறை கேட்கவும். திருத்தம் என்பது பெயர், வயது, படம் இவை தவறினால், அல்லது தகவல் தந்த சம்பந்தப்பட்டவரே எழுத்தில் கேட்டால் மட்டும். காலமானார் செய்தியில் இறந்தவரைப் பற்றிக் குறை வேண்டாம். விபத்துச் செய்தியில் நிறுவனத்தின் பெயர் வேண்டாம், 'தனியார்' போதும். இப்படி இருபது விதிகள்.

இந்தக் கடைசி விதியை விளம்பர வருமானத்துக்காக வந்தது என்று வெளியில் சொல்வார்கள். பாதி உண்மை. ஒருமுறை தீ விபத்தில் ஒரு மில்லின் பெயருக்குப் பதில் இன்னொரு மில்லின் பெயர் அச்சாகி, அந்த மில் வாசலில் கூட்டம் கூடிக் கல் விழுந்தது. அது மீதிப் பாதி. ஆனால் விளைவு ஒன்றுதான். ஒருவர் நல்லது செய்தால் பெயர் தலைப்பில் வரும். அவர் ஆலையில் ஆள் செத்தால் 'தனியார்' என்று வரும். கோவையில் வாசகர்கள் இதற்குப் பழகிப்போயிருந்தார்கள். காலையில் டீக்கடையில் 'தனியார் ஃபவுண்டரி' என்று படித்ததும், "எதுங்க, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துலயா?" என்று கேட்டுச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி விபத்து. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், மழை பெய்து ஓய்ந்த ஒரு வியாழக்கிழமை.

நஞ்சப்பனின் வார்ப்பட ஆலை கணபதியில் இருந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்புகளின் இரும்பு உடலை அங்கே வார்த்தார்கள். உடுமலைப் பக்கத்துத் தேங்காய் வியாபாரியின் மகனாகப் பிறந்து, கடைசல் பட்டறையில் வேலை கற்று, அண்ணனோடு சேர்ந்து ஒரு கொட்டகையில் தொடங்கியவர். அண்ணன் சீக்கிரமே இறந்துவிட்டார். அண்ணனின் இரண்டு பெண்களையும் தன் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் சாப்பிட ஆர்.எஸ்.புரம் வீட்டுக்குப் போய்விடுவார் என்பது ஊரறிந்தது. அந்தக் காலத்திலேயே பள்ளிகளுக்குக் கழிவறை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் சுவரிலும் கறுப்புக் கல்லில் அவர் பெயர் இருக்கும்.

நான் ஆலைக்குப் போனபோது மணி இரண்டு நாற்பது. கூரைத் தகட்டில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. உலை மேடையிலிருந்து பத்தடி தூரம் வரை தரையில் கொட்டிய மணலுக்குள் உறைந்த இரும்புத் துளிகள். வெளியே பழைய இரும்புக் குவியல் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் அதன் மேல் இல்லை, பக்கத்தில் மடித்துக் கிடந்தது. வாசலில், வேலைக்கு வரும் தொழிலாளிகள் தங்கள் எண் வில்லைகளை மாட்டும் ஆணிப்பலகை. எல்லாரும் வில்லையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். பதினான்காம் எண் மட்டும் தொங்கியது. அது மாரியப்பனுடையது. வயது முப்பத்தெட்டு. உலையில் இரும்பு போடுபவர்.

நஞ்சப்பன் அந்தக் குவியலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போகவில்லை. நான் யாரென்று சொன்னேன்.

"தெரியுமுங்க. எழுதிக்குங்க" என்றார். "நைட்டு மழைங்க. ஸ்கிராப்பு நனைஞ்சு கெடந்துச்சு. ஈரத்தோட போட்டா உலை வெடிக்கும், காய வெச்சுப் போடலாமுங்கன்னு மாரியப்பன் சொன்னான். ஆர்டரு நிக்குது, போடுடான்னு சொன்னது நாந்தானுங்க."

நான் எழுதுவதை நிறுத்தினேன். "உங்க பேரோடவே எழுதட்டுங்களா?"

"வேற யாரு பேரைப் போடுவீங்க?"

அப்போது மணி சரியாக மூன்று. என் குறிப்பேட்டில் அந்த நேரம் இருக்கிறது.

நான்கரை மணிக்கு எழுதிக் கொடுத்தேன். சிவராமன் பேனா மூடியை நிறுத்தினார். முதல் தடவையே நின்றுவிட்டது. இரண்டு தடவை படித்தார்.

"அவர் அதிர்ச்சியில இருக்கார். அதிர்ச்சியில சொன்னதை அச்சுல போட்டா நாளைக்கு அவரே மறுப்பார். காவல் நிலையத்துல என்ன சொல்றாங்க?"

நான் கேட்டிருக்கவில்லை. அவர் மேசைத் தொலைபேசியிலிருந்தே கேட்டேன். எதிர்முனையில் எழுத்தர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார்: தொழிலாளியின் கவனக்குறைவு.

"அதை எழுதுங்க" என்றார் சிவராமன். "அவங்க சொன்னதுக்கு அவங்க பொறுப்பு."

"சார், முதலாளியே சொல்றாருங்க..."

"பார்ப்போம்."

எழுதினேன். அவர் எழுதவில்லை, நான்தான் எழுதினேன். மறுநாள் மூன்றாம் பக்கத்தில் ஏழு வரி வந்தது. 'கணபதியில் உள்ள தனியார் வார்ப்பட ஆலையில் உலை வெடித்ததில் தொழிலாளி மாரியப்பன் உயிரிழந்தார். தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.' அன்று மாலை நான் வீட்டுக்குப் பேருந்தில் போகாமல் நடந்தே போனேன். காரணம் எதையும் யோசிக்கவில்லை. பேருந்தில் உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நஞ்சப்பன் அலுவலகத்துக்கு வந்தார். அவரோடு மகன் கார்த்திகேயன். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கும். நஞ்சப்பன் உட்காரவில்லை.

"நான் சொன்னது வரலீங்களே."

"வழக்கு இருக்குதுங்களே" என்றார் சிவராமன். "உங்க நல்லதுக்குத்தான்."

"அப்பா, வக்கீலும் அதையேதானே சொன்னாரு" என்றார் மகன். அப்பாவின் முழங்கையைப் பிடித்திருந்தார்.

காப்பி வந்தது. நஞ்சப்பன் நின்றபடியே குடித்தார். தம்ளரை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பின் பதினோரு ஆண்டுகள் அவர் அதைப் பற்றி என்னிடம் நேரடியாகப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மாரியப்பனின் மனைவி ருக்குமணி வந்தார். போத்தனூரில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் வீடு. அந்த ஏழு வரியை வெட்டி, எட்டாக மடித்து, சுருக்குப்பையில் வைத்திருந்தார். என் மேசையில் விரித்தார்.

"இத எழுதுனது யாருங்க?"

"நான்தானுங்க."

"யாரோட கவனக்குறைவுங்க?" என்றார். "ஈரமா இருக்குது வேண்டாமுங்கன்னு எம்பட ஊட்டுக்காரரு சொன்னாருன்னு கூட வேலை செஞ்சவிக எல்லாருஞ் சொல்றாங்க. எம்பையன் ஆறாவது படிக்கிறானுங்க. உங்கொப்பன் பராக்குப் பாத்து உலையில உழுந்தான்னு பசங்க பேசறாங்களாம். பேப்பர்லயே போட்டிருக்குதுங்கறானுக. நான் என்னன்னு சொல்றதுங்க?"

பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "தப்பா வந்திருச்சுன்னு நாலு வார்த்தை போடுங்க. போதும்."

சிவராமனிடம் அழைத்துப் போனேன். அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, முழுவதும் கேட்டார். பெயர் சரி, வயது சரி, படம் வரவில்லை. விசாரணையில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்ன காவல் நிலையமோ ஆலையோ எழுத்தில் கேட்டால் அன்றி வழியில்லை. இதையெல்லாம் மென்மையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "பார்ப்போம்மா" என்றார்.

ருக்குமணிக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. கும்பிட்டுவிட்டுப் போனார். மறுமாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். மூன்றாவது தடவை என்னைப் பார்த்து, "அவரு பாக்கறதுக்குள்ள எம்பையன் காலேஜு முடிச்சிருவான் போலிருக்குதுங்க" என்றார். பிறகு வரவில்லை.

சிவராமன் ஓய்வு பெற்றபோது அந்தச் சுவர்த்தாளின் ஓரங்கள் நைந்திருந்தன. கணினிகள் வந்த ஆண்டு அது. நான்தான் அந்தத் தாளைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பக்கம் அமைக்கும் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டச் செய்தேன். இருபது விதிகளில் ஒன்றையும் மாற்றவில்லை.

விபத்துக்குப் பிறகும் நஞ்சப்பன் கழிவறைகள் கட்டினார். முன்னைவிட அதிகமாகவே கட்டினார். ஆனால் கறுப்புக் கல் நின்றுபோயிற்று. திறப்பு விழா கிடையாது. காரின் பின்பெட்டியில் குழாய்க் குறடு ஒன்றைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமைகளில் பள்ளி பள்ளியாகப் போவார். ஒவ்வொரு குழாயையும் தானே திறந்து பார்ப்பார். நீர் வராத இடத்தில் பம்பைக் கழற்றி உட்கார்ந்துவிடுவார். அப்படி ஒருநாள் எடுத்ததுதான் அந்தப் படம். எடுத்தபோதே சொன்னார், "பேரு வேண்டாமுங்க."

"பேர் இல்லாம எப்படிங்க போடறது?"

"கெட்டதுக்குத் தனியார்னு போட்டீங்கல்ல? நல்லதுக்கும் தனியார்னே போட்டுக்குங்க."

தலைமை ஆசிரியை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. செய்தி அவர் பெயரோடுதான் வந்தது.

எழுபது வயது தாண்டிய ஊர்ப் பெரியவர்களின் வாழ்க்கைக் குறிப்பை முன்கூட்டியே எழுதி வைப்பது எங்கள் வழக்கம். 'சிறப்பு மலருக்காக' என்று சொல்லித்தான் கேட்போம். யாரும் ஏமாந்ததில்லை. நஞ்சப்பனின் முறை வந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். எழுபத்திரண்டு வயது. அவர் மனைவி சரஸ்வதி வாசலிலேயே கேட்டுவிட்டார்.

"ஏனுங், இவருக்கு நாள் குறிச்சாச்சுங்களா?"

"இல்லைங்கம்மா, சும்மா ஒரு குறிப்பு..."

"எழுதுங்க எழுதுங்க. ஊர்ல அவனவன் கோயில் கட்டிப் பேரு வாங்கறான். எம்பட ஊட்டுக்காரரு கக்கூஸ் கட்டிப் பேரு வாங்குனாரு. அதையும் இப்ப வேண்டாங்கறாரு. கல்யாணத்துல எங்க அக்கா என்னைய என்னன்னு கூப்பிடறா தெரியுமுங்களா?"

"சரசு, பேனாவ எடுத்தா" என்றார் நஞ்சப்பன்.

குறிப்புகள் ஒன்றரை மணி நேரம் ஓடின. பிறப்பு, படிப்பு, பட்டறை, அண்ணன், அண்ணன் மகள்கள், பேரக்குழந்தைகள். எல்லாம் முடிந்து நான் மூடப் போனபோது, ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கித் தானே எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஐந்தே வரி. ஈர இரும்பைப் போடச் சொன்னது நான். மாரியப்பன் வேண்டாமென்றான். கவனக்குறைவு என்னுடையது, அவனுடையதல்ல. நான் இறந்த செய்தியில் இது வர வேண்டும்.

"இப்பவே போடலாமுங்களே" என்றேன். "வழக்குதான் முடிஞ்சிருச்சே."

"பையன் இருக்கறானுங்க. ஊட்ல தாங்கமாட்டாங்க. நான் போன பொறவு போடுங்க."

"உயிரோட இருக்கறப்பச் சொன்னாத்தானுங்க அந்தம்மாவுக்கு..."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. "அன்னைக்கே மூணு மணிக்குச் சொன்னனுங்களே. நீங்க போடலியே."

உறையில் வைத்து ஒட்டினேன். இவ்வளவுதான் நடந்தது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு ஆர்.எஸ்.புரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருமுனை வரை இருசக்கர வண்டிகள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. ஏதோ ஒரு பள்ளியின் பெண்கள் சீருடையில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கார்த்திகேயன் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கைகூப்பிக்கொண்டிருந்தார். அவரைத் தனியே அழைத்துத் தாளைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது புதிதில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இன்னைக்கேவா சார்? இந்தக் கொழந்தைகளைப் பாருங்க. நாளைக்கு இவங்க இதைப் படிக்கோணுமா?"

"அவர் கேட்டதுங்க."

"தெரியுமுங்க." குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுத்தது நாந்தானுங்க. தொழிலாளி கவனக்குறைவுன்னு. அப்பாவை உள்ள தூக்கி வெச்சிருவாங்கன்னு பயம். அப்பா ஒருநாளும் என்னைத் திட்டலீங்க. ஒரு வார்த்தை திட்டியிருந்தாத் தேவல."

அவரால் உறுதி சொல்ல முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. உள்ளறையில் சரஸ்வதி அம்மாள் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவரே கேட்டார்.

"காயிதத்துக்கு வந்தீங்களா?"

"ஆமாங்கம்மா. உங்களுக்குத் தெரியும்னு நீங்க சொன்னாத்தான் போட முடியும்."

"பேனா எடுத்துக் குடுத்ததே நாந்தானுங்க. போடுங்க."

வாசலுக்கு வந்து தமிழ்ச்செல்வியை அழைத்தேன். வீட்டாள் ஒருவர், வெளியாள் நான். மாலை நான்கு மணிக்கு அவர் எழுதியதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். ஆலை, மாரியப்பன், ஈர இரும்பு, கவனக்குறைவு யாருடையது என்பது, எல்லாம் இருந்தன. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு இரண்டு பிரதிகள் வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று போத்தனூருக்கு. காந்திபுரம் பேருந்து நிறுத்தத்தில் நின்று பிரித்தேன். ஒன்பதாம் பக்கம். குழாயும் கையும் உள்ள அதே படம். தலைப்பில் பெயர். நான்காவது பத்தி இப்படி இருந்தது: 'தனியார் வார்ப்பட ஆலை விபத்தில் உயிரிழந்த தொழிலாளி ஒருவரின் குடும்பத்துக்கும் அவர் உறுதுணையாக இருந்தார்.'

மூன்று தடவை படித்தேன். போத்தனூர்ப் பேருந்து வந்து நின்று போயிற்று.

தமிழ்ச்செல்வியை நான் அழைக்கும் முன்பே அவர் அழைத்துவிட்டார். நடந்ததைச் சொன்னார். பக்கம் அமைக்கும் மேசையில் இருப்பவர் நல்ல உழைப்பாளி, ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவர். காலமானார் செய்தியில் குறை வேண்டாம், விபத்தில் ஆலைப் பெயர் வேண்டாம் என்று மேசையில் ஒட்டியிருப்பதைப் பின்பற்றித்தான் அந்தப் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறார். 'சொன்னபடிதானே மேடம் செஞ்சேன்' என்று அந்தத் தாளையே படம் எடுத்து அனுப்பியிருந்தார். தமிழ்ச்செல்வி அதை எனக்கும் அனுப்பினார். கீழ் ஓரத்தில், நான் தட்டச்சு செய்த ஆண்டும் என் பெயரின் முதலெழுத்தும் இருந்தன.

"அவரைத் திட்டாதீங்க" என்றேன். "திருத்தம் போட முடியுமான்னு பாருங்க."

"சம்பந்தப்பட்டவங்க எழுத்துல கேக்கணுமே சார். அதுவும் இதுலதான் இருக்கு."

ஆர்.எஸ்.புரம் வீட்டுக்கு அழைக்கலாமா என்று பத்து நிமிடம் அந்த நிறுத்தத்திலேயே முன்னும் பின்னும் நடந்தேன். காரியம் நடக்கும் வீடு; அழைக்காமல் திரும்பிவிட்டேன். எட்டே கால் மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. சரஸ்வதி அம்மாள்.

"அவரு எழுதிக் குடுத்தது வரலீங்களே."

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கணவர் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். அப்போது சிவராமன் காப்பி கொடுத்தார். இப்போது நான் விதியைச் சொன்னேன். எழுத்தில் வேண்டும், வீட்டார் கையெழுத்தோடு, இன்று மாலைக்குள்.

எதிர்முனையில் அவர் குரல் விலகிக் கேட்டது. "கண்ணு கார்த்தி, இங்க வா. உக்காரு. எழுது."

பதினோரு மணிக்குக் கடிதம் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. ஆலையின் பெயர் அச்சிட்ட தாளில், கார்த்திகேயனின் கையெழுத்தில். தந்தையின் ஐந்து வரிகளுக்குக் கீழே அவர் தாமாக ஒரு வரி சேர்த்திருந்தார்: காவல் நிலையத்தில் தவறான தகவல் கொடுத்தது நான். அந்த வரியையும் போட வேண்டுமா என்று தமிழ்ச்செல்வி அவரைக் கேட்டிருக்கிறார். "அம்மா பக்கத்துலதான் நிக்கறாங்க. போடுங்க" என்றாராம்.

வியாழக்கிழமை இதழில், இரண்டாம் பக்கம், இடது கீழ் மூலையில் வந்தது:

'திருத்தம்: தொழிலதிபர் நஞ்சப்பன் மறைவு குறித்து நேற்று வெளியான செய்தியில் ஒரு தகவல் தவறாக இடம்பெற்றது. கணபதியில் உள்ள அவரது சொந்த ஆலையில் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் உலை வெடித்துத் தொழிலாளி மாரியப்பன் உயிரிழந்தார். ஈர இரும்பை உலையில் இட வேண்டாம் என்று மாரியப்பன் தடுத்ததாகவும், இடச் சொன்னது தாமே என்றும், கவனக்குறைவு தம்முடையதே என்றும் நஞ்சப்பன் எழுதிக் கொடுத்திருந்தார். காவல் நிலையத்தில் தவறான தகவல் அளித்தது தாம் என அவர் மகன் கார்த்திகேயன் தெரிவித்துள்ளார். விபத்தின்போது இந்நாளிதழில் வெளியான செய்தியும் இவ்வாறே திருத்திப் படிக்கப்பட வேண்டும்.'

கடைசி வாக்கியம் தமிழ்ச்செல்வியுடையது.

ஒரு பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போத்தனூர் போனேன். பழைய குறிப்பேட்டில் இருந்த முகவரிதான். வீடு மாறவில்லை, முன்பக்கம் மட்டும் புதிதாகத் தகடு போட்டிருந்தது. கதவைத் திறந்தவர் ருக்குமணி. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "பேப்பர்க்காரருங்களா?" என்றார். ஆமென்றேன். பையிலிருந்து பிரதியை எடுக்கக் கை வைத்தேன்.

"உள்ள வாங்க. உக்காருங்க. காப்பி வெக்கறேன்" என்று சமையலறைக்குப் போனார்.

நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் அன்றைய எங்கள் நாளிதழ் கிடந்தது, அதன் மேல் ஒரு கத்தரிக்கோல். இரண்டாம் பக்கத்தில், இடது கீழ் மூலையில், நான்கு விரல் அகலத்துக்குத் தாள் இல்லை.